மூன்றாவது பூச்சு

ஜனவரிக் குளிரில் டில்லியில் ஈ பறப்பதில்லை. ஆனால் அந்தச் சுவரில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் பழைய சுண்ணாம்புப் பூச்சை உரித்தெடுத்து, சிறு செங்கற்கள் பல்லிளித்துக்கொண்டு நிற்க, வடக்குச் சுவரில் ஒரு கதவு அகலத்துக்குப் புதிதாகப் பூசியிருந்த இடத்தில் மட்டும், அதன் விளிம்பைக்கூடத் தாண்டாமல், ஈக்கள் கறுப்பாக அப்பிக்கிடந்தன. மதுமதி மப்ளரை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டாள். அதையும் மீறி ஒரு வாடை வந்தது. காறிப்போன நெய்யும் வாராத தலையின் சிக்கும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை.

அவள் பாரம்பரியக் கட்டடங்களுக்கான குழுவில் கட்டடக்கலை ஆலோசகர். பழைய டில்லிச் சந்து ஒன்றில் இருக்கும் இந்த ஹவேலி மாளிகையை இடித்துவிட்டு ஹோட்டல் கட்ட வேண்டும் என்று உரிமையாளர் விண்ணப்பித்திருந்தார். குழு மாதக்கணக்கில் கூடிக் கூடிச் சமோசா தின்று, கடைசியில் முடியாது என்று சொல்லிவிட்டது. இடிக்கக் கூடாது, பழையபடியே புதுப்பிக்க வேண்டும். பூச்சுச் சாந்தும் பழைய சாந்துதான், இம்மி பிசகக் கூடாது. முதலில் ஒரு மாதிரிப் பூச்சு பூசிக் காட்ட வேண்டும், ஆலோசகர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே மற்ற வேலை. இந்த நிபந்தனைகளை எழுதியவள் மதுமதிதான். எழுதியதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பழைய பூச்சைச் சுரண்டிச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். சுண்ணாம்பு, செங்கல் தூள், கொழுப்பு, மயிர் என்று பதில் வந்தது. எதன் கொழுப்பு, எதன் மயிர் என்று அவர்களும் சொல்லவில்லை, குழுவிலும் ஒருவர் வாய் திறந்து கேட்கவில்லை. ஆடாக இருக்கும், வேறென்ன என்று ஆளுக்கொரு சமோசாவை எடுத்துக்கொண்டார்கள்.

ஆட்டு மயிரும் உளுந்தும் வெல்லமும் போட்டுப் பூசிய முதல் மாதிரி வெடித்தது. வேண்டாம் என்று தள்ளினாள். எருமைக் கொழுப்பு சேர்த்த இரண்டாவது, தண்ணீரைக் குடித்துவிட்டது. அதையும் தள்ளினாள். அந்தத் தடவை கோபம் முழுவதும் அர்விந்தின் தலையில் விடிந்தது. அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் பிள்ளை. சைனஸ்காரன், அக்டோபரில் ஆரம்பித்து ஹோலி வரை மூக்கிலும் நெற்றியிலும் யூகலிப்டஸ் தைலம் மணக்கத் திரிவான். ஆட்கள் எல்லாரும் பார்க்க அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் முகம் சிவந்து, தானே இங்கே இருந்து மூன்றாவதைச் சரியாக அமைத்துத் தருவதாகச் சொன்னான்.

அது சனிக்கிழமை. அன்றிலிருந்து அவன் வீட்டுக்குப் போகவில்லை என்று இன்று காலை அவன் மனைவி ஸ்நேஹா போன் செய்தாள். கேட்டால் வேலை முடியவில்லை என்று மெசேஜ் மட்டும் வருகிறதாம், போனை எடுப்பதில்லையாம். அழுகையை அடக்கிக்கொண்டு, "நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துடுங்க அக்கா, ப்ளீஸ்" என்றாள். பூச்சைப் பார்ப்பதெல்லாம் ஒரு சாக்கு. மதுமதி வந்தது அவனை அழைத்துப் போகத்தான். திட்டியது கொஞ்சம் அதிகம் என்று வழி முழுவதும் மனது உறுத்திக்கொண்டே இருந்தது.

மேற்பார்வை பார்க்கும் ஏகாம்பரம் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சேலத்துக்காரர், டில்லி வந்து வெகு காலம் ஆகியும் பேச்சு மாறாதவர். துடைக்கத் துடைக்க அவர் விரல்கள் பளபளத்தனவே தவிர, காய்ந்தபாடில்லை.

"அர்விந்த் எங்கே?" என்றாள்.

"இங்கதானுங்க மேடம் இருக்காரு. நீங்க மொதல்ல சாம்பிளப் பாத்துருங்க. ரொம்பப் பாடுபட்டு அமைச்சுக் குடுத்துருக்காருங்க."

யாரோ ஒரு கிளாஸ் டீயைக் கையில் திணித்தார்கள். குளிருக்கு இதமாக ஒரு வாய் குடித்துவிட்டாள். மேலே மிதந்தது பாலாடை இல்லை. மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொண்டது. நாக்கால் துழாவினால் நகர்ந்தது, போகவில்லை. மப்ளரின் முனையை வாயில் விட்டுத் துடைத்தாள், அதன் கம்பளி மயிர்கள் அந்தப் பிசுக்கில் ஒட்டி வாய்க்குள் தங்கின. துப்பினாள். மறுபடி துப்பினாள். ஏகாம்பரம் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அர்விந்தின் நம்பருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. முற்றத்தில் எங்கோ அருகிலேயே, அமுக்கிவைத்த மாதிரி ஒரு கிர்ர் சத்தம் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சுற்றிலும் தேடினாள். சுண்ணாம்பு ஊறும் குழியின் மேல் தார்ப்பாய் மூடியிருந்தது, ஏணி சாய்ந்திருந்தது, அறைக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. வடக்குச் சுவரில் உட்கார்ந்திருந்த ஈக்கள் மட்டும் ஒவ்வொரு கிர்ருக்கும் ஒருசேர அசைந்து கொடுத்தன.

போனை நிறுத்தினாள். ஈக்களும் அசையாமல் இருந்தன.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் இத்தனை வருடத் தொழில் பழக்கம், கால் சுவரை நோக்கிப் போயிற்று. புதிய பூச்சுக்குப் பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று அவள் சொல்லி விட்டுவைத்த பழைய பூச்சு இருந்தது. இரண்டும் ஒரே நிறம். வெள்ளை இல்லை, மஞ்சளும் இல்லை, உடம்பின் வெயில் படாத இடத்து நிறம். இரண்டுக்கும் நடுவே இணைப்பு எங்கே என்று தெரியவில்லை. இவ்வளவு நேர்த்தியான வேலையை அவள் பார்த்ததே இல்லை. மெச்சிக்கொண்ட அந்தக் கணத்திலேயே தன்மேல் அருவருப்பு வந்தது.

பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். பூச்சின் மேல் தண்ணீரைத் தெளித்து, உறிஞ்சுகிறதா வழிகிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். காலையிலிருந்து பைக்குள் கிடந்து ஐஸாகக் குளிர்ந்திருந்தது தண்ணீர். தெளித்தாள். ஈக்கள் எழுந்தன.

தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. முத்து முத்தாக நின்றது.

பிறகு, அந்த முத்துகளைச் சுற்றி, பூச்சு சிலிர்த்தது.

முதலில் கண் மங்கல் என்று நினைத்தாள். இல்லை. ஊசிமுனை அளவு புள்ளிகள். ஒன்று, நாலு, நூறு. பூச்சு முழுவதும் கோழித்தோலாக எழும்பியது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மயிர். மெல்லிய, கறுத்த மயிர். குத்திட்டு நின்றது.

குளிருகிறது அதற்கு.

கை நீண்டுவிட்டது. தொட்டாள். வெதுவெதுப்பு. உள்ளங்கையின் கீழே ஏதோ மெதுவாக ஏறியது. இறங்கியது. ஏறியது. காறல் நெய்க்கும் சிக்குக்கும் அடியிலிருந்து இன்னொரு வாசனை வந்து மூக்கில் சுரீரென்று ஏறியது. சுத்தமான வாசனை.

யூகலிப்டஸ் தைலம்.

கையை இழுத்தாள். ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்தாள். உள்ளங்கை முழுவதும் நிணம், அதில் இரண்டு மயிர். உடையில் தேய்த்தாள். போகவில்லை. குனிந்து, குடித்த டீயையும் காலையில் தின்ற பராத்தாவையும் செங்கல் தரையில் கொட்டினாள்.

ஏகாம்பரம் காத்திருந்து, தன் துண்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அமைஞ்சிருச்சுங்களா மேடம்? இல்லீன்னாலும் சொல்லிருங்க. தள்ளிட்டு இன்னொண்ணு போட்டுரலாம். ஆளுக்குக் கொறச்சல் இல்லீங்க."

அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. வேண்டாம் என்று சொன்னால் நாலாவது வரும். அந்த நாலாவதுக்கும் வீட்டில் ஒரு ஸ்நேஹா இருப்பாள். அர்விந்தை இனி யாரும் அழைத்துப்போக முடியாது. இன்னொரு ஆளையாவது காப்பாற்றலாம். தன் வாயிலிருந்து ஒரு சொல் போதும், இத்தோடு முடிந்துவிடும். போலீஸுக்குப் போவது, கத்துவது, அழுவது எல்லாம் பிறகு, வாசலைத் தாண்டிய பிறகு.

"சரியா இருக்கு," என்றாள். வார்த்தை மேலண்ணத்துப் பிசுக்கில் வழுக்கியது. "பாஸ். இதோட போதும், நிறுத்திடுங்க."

ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்துவிட்டது. கைகளைக் கூப்பினார். பிறகுதான் அவள் கடைசியாகச் சொன்னது அவருக்கு உறைத்திருக்க வேண்டும், புருவத்தைச் சுருக்கினார்.

"நிறுத்தறதுங்களா? சாம்பிள் பாஸான பொறவுதானுங்களே வேலையே. எல்லாச் செவுத்துக்கும் இதே மாதிரி பூசோணும்னு நீங்கதானுங்களே மேடம் எழுதியிருக்கீங்க."

மதுமதி தலையைத் தூக்கினாள். நாலு பக்கம். மூன்று மாடி. வளைவுகள், தூண்கள், மாடிப்படிகள், அறைக்குள் அறைகள். எல்லாம் உரித்த செங்கல். எல்லாம் காத்துக்கொண்டிருந்தன.

ஏகாம்பரம் இரண்டு கையையும் தட்டினார்.

அறைக் கதவுகள் திறந்தன. சித்தாள்கள் இல்லை, மேஸ்திரிகள் இல்லை. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கும் ஒருவன். வெள்ளை யூனிஃபார்மில் ஒரு நர்ஸ். உணவுப் பையை இன்னும் தோளிலிருந்து இறக்காத டெலிவரிக்காரன். குரங்குக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர். பின்னாலும் ஆட்கள். மாடிகளிலும் ஆட்கள். யாரும் அவர்களைப் பிடித்து இழுக்கவில்லை. ஸ்வெட்டரையும் சால்வையையும் கழற்றி, அழகாக மடித்துப் படியோரம் வைத்தார்கள். வெற்று உடம்போடு வரிசையில் நின்றார்கள்.

ஏகாம்பரம் சுண்ணாம்புக் குழியின் தார்ப்பாயை விலக்கினார். ஆவி எழுந்தது.

முதலில் நின்றவன் குழி விளிம்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். சலூன்காரனுக்குக் காட்டுவதுபோலத் தலையைத் தாழ்த்திக் கொடுத்தான்.