மூன்று இழுப்பு

காற்றே அசையாத மத்தியானம். முற்றத்து வில்லோ மரம் மட்டும் மூச்சு விடுவதுபோல மெல்ல ஏறி இறங்கியது.

தரையைத் தொடும் அதன் கொப்புகள் சிமெண்டில் உரசும் சத்தமும், ஈர மண்ணின் வாடையும், உப்பளப் பக்கத்துப் புழுக்கமும் சேர்ந்து பர்னபாஸின் நெஞ்சை அடைத்தன. அவன் அண்ணன் ஜெஸ்டின் கடலில் செத்த வருடம், அண்ணன் மனைவி பிளாரன்ஸ் மைனி கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்த கன்று அது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள், வேர் மோப்பம் பிடித்து வந்துவிடும் என்று விற்றவர் சொல்லி அனுப்பினாராம். இந்த உப்பு மண்ணில் எங்கே பிழைக்கப்போகிறது என்று பர்னபாஸ் தரைத்தொட்டியை ஒட்டியே குழி தோண்டினான். மூன்றே வருடம். மொட்டைமாடியைத் தாண்டிவிட்டது.

"ஏலே, மூணு நாளா குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. ஒங்க அண்ணன் மரம் தொட்டியையே குடிச்சிட்டு போல," என்றாள் பிளாரன்ஸ்.

"நான் பாத்துக்கிடுதேன் மைனி."

"நீ பாத்துக் கிழிச்ச! தொட்டியிலருந்து மரத்துக்கு ஒரு ஓஸ் பைப்பு பொதைச்சியே, அது வழியாத்தான் வேர் உள்ள ஏறிக் குழாயை அடைச்சிருக்கு. மாப்பிள்ளையூரணிக்குப் போயி பிளம்பரைக் கூட்டிட்டு வாரேன். தோண்டி எடுத்திருவோம்."

கேட் சாத்தும் சத்தம். அவனுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது.

அந்த ஓஸை அவள் பார்க்கக் கூடாது. சங்கு குளிக்கையில், படகின் கம்ப்ரசரிலிருந்து கடலடியில் ஜெஸ்டினின் வாய்க்குக் காற்று கொண்டுபோன மஞ்சள் ஓஸ். அது முழுசாகக் கழன்று அண்ணனோடு போய்விட்டது என்றுதான் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். மிச்சத்தைக் கடலில் போட்டால் எவன் வலையிலாவது ஏறும் என்று பயந்து, மரத்துக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் மண்ணில் புதைத்தான்.

கீழிருந்து ஓஸில் மூன்று இழுப்பு வந்தால் மேலே தூக்கு என்று அர்த்தம். அன்றும் மூன்று வந்தது. படகை உன் பேருக்கு மாற்றமாட்டேன் என்று காலையில்தான் கன்னத்தில் அறைந்திருந்தான் அண்ணன். பர்னபாஸ் கத்தியை எடுத்தான். ஒரே வெட்டு. அறுந்த ஓஸ் படகுக்குள் துள்ளித் துள்ளிச் சீறியது. கடலில் கொஞ்ச நேரம் குமிழி. பிறகு அதுவும் இல்லை.

தொட்டி மூடியைத் தள்ளினான். அதே கத்தியை விளிம்பில் வைத்துவிட்டு இறங்கினான். இடுப்பளவு தண்ணீர். சுவரெல்லாம் செம்பட்டை முடிபோல வேர். அழுகிய சங்குச் சதையின் நாற்றம். நல்ல தண்ணீர்த் தொட்டியில்!

ஓஸைப் பற்றி இழுத்தான். வரவில்லை.

மரத்தின் பக்கமிருந்து ஓர் இழுப்பு வந்தது.

இன்னொன்று.

மூன்று.

கையை உதறினான். விடவில்லை. வேர் மணிக்கட்டைச் சுற்றி முறுக்கியது. எலும்பு முறியும் சத்தம். கணுக்கால். கழுத்து. உள்ளே இழுத்தது. அலறத் திறந்த வாயில் ஓஸ் நுழைந்தது, முன்பற்களை உடைத்துக்கொண்டு.

தண்ணீர் தலைக்கு மேல்.

ஆனால் மூச்சு வந்தது. ஓஸ் வழியே, சில்லென்று. யாரோ காற்று கொடுக்கிறார்கள்.

அண்ணாந்து பார்த்தான். மேலே சதுர வெளிச்சத்தில் ஓஸைப் பிடித்தபடி ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஈரம் சொட்டியது. மீன் தின்ற முகம்.

முறியாத கையால் பர்னபாஸ் இழுத்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

மேலே இருந்தவன் தலையாட்டினான். விளிம்பிலிருந்த கத்தியை எடுத்தான்.