கலங்கினால் கொட்டிவிடு!

போன் அலறியது.

அனிஷா எடுக்கவில்லை. கவுன்டரில் நின்ற பெரியவருக்கு பிரஷர் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் அலறியது.

"மெடிக்கல்ஸ்..."

"இன்ஸ்பெக்டர் தாணுலிங்கம் பேசுதேன்மா. திரேஸ்புரம் மரியான் உங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப்பொறந்த தம்பி சார். ஏன்?"

"காலையில வள்ளத்துக்குக் கூப்பிட வந்தவங்க சாத்தியிருந்த கதவைத் தள்ளியிருக்காங்க. கட்டில்ல..."

இன்ஸ்பெக்டர் இழுத்தார்.

"செத்துட்டானா சார்?"

"...ஆமாம்மா."

அனிஷா போனை வைத்தாள். மாத்திரையை எண்ணி முடித்தாள். கவரில் போட்டு நீட்டினாள்.

"சாப்பாட்டுக்கு முந்திப் போடணும் அண்ணாச்சி."

பெரியவர் போனபிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. கடைக்குள் ஃபேனை அணைக்காமல் பூட்டிவிட்டோமே என்றுதான் தோன்றியது!

---

மரியானை அடக்கம் செய்து மூன்றாம் நாள்.

கணவன் டெரன்ஸ் அவளை பைக்கில் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தான். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவன். எட்டு வருடத் தாம்பத்தியம். இந்த மூன்று நாளும் அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டான்.

"நீ உள்ள போ ளா. நான் இங்கன பெஞ்சுல இருக்கேன். மரியானுக்கு ஊசி மருந்து வித்த அந்த ஜிம்காரனை மட்டும் விட்டுறாத!"

உள்ளே தாணுலிங்கம் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பழுப்புக் கவரிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்தார். பைக்குள் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி.

"கட்டிலுக்கு அடியில உருண்டு கிடந்துச்சு. வள்ளத்துக்காரங்க வாசல்லயே நின்னுட்டாங்க. நானும் போட்டோகிராஃபரும் மட்டும்தான் இதைப் பாத்திருக்கோம். இப்ப நீங்க. வெளிய மூச்சு விடக்கூடாது!"

அனிஷா பார்த்தாள்.

உள்ளே பால்போல் ஏதோ கலங்கிக் கிடந்தது.

"பெப்டைட் ஊசி சார். காஞ்ச பவுடரா வரும். தண்ணி ஊத்திக் கரைச்சுப் போடுவாங்க."

"ஜிம் மாஸ்டர் மாரிச்செல்வம் வித்தது. அவனே ஒத்துக்கிட்டான். வயித்துல ஊசி குத்துன தடம் இருக்கு. கெட்டுப்போன மருந்து, ஆள் காலி. கேஸ் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்... ஆனா உங்க முகம் அப்படிச் சொல்லலையே?"

"இதை மரியான் குத்தியிருக்க மாட்டான் சார்."

"ஏன்?"

"கலங்கியிருக்கு."

தாணுலிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"புரியும்படியா சொல்லுங்கம்மா."

"தோள்பட்டைத் தசைநார் கிழிஞ்சு போச்சு. சங்கு எடுக்கக் கடல்ல முங்க முடியலைன்னு அழுதான். எவனோ இந்த ஊசியைச் சொல்லியிருக்கான். டாக்டர் எழுதாத மருந்து, போடாதலேன்னேன். கேக்கலை. சரி, சீழாவது பிடிக்காம இருக்கட்டும்னு கலக்குற தண்ணியை மட்டும் நான் எடுத்துக் குடுத்தேன்."

"தண்ணியில என்னம்மா இருக்கு?"

"எல்லாம் இருக்கு சார். வெறும் ஸ்டெரைல் வாட்டர்னா ஒரு தடவைக்குத்தான். மிச்சத்துல கிருமி வளந்துரும். சலைன்ல உப்பு இருக்கு. சில பெப்டைட் உப்புல திரிஞ்சுபோகும். ஒரே குப்பியைப் பல நாள் வச்சுப் போடுறவனுக்கு பாக்டீரியோஸ்டாட்டிக் வாட்டர்... கிருமி வளராம இருக்க மருந்து சேத்த தண்ணி. அதுதான் குடுத்தேன். கரைச்சா கண்ணாடி மாதிரி இருக்கணும்."

"இல்லைன்னா?"

"ஏதோ தப்புன்னு அர்த்தம். பவுடர் கெட்டிருக்கலாம். தண்ணி தப்பா இருக்கலாம். போன மாசம் ஒரு குப்பியைப் போட்டுக் குலுக்கிட்டான். 'அக்கா, கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கு'ன்னு போன் பண்ணுனான். கலங்குனா கொட்டிருலேன்னேன். கொட்டிட்டான். ரெண்டாயிரம் ரூவா மருந்து சார்... யோசிக்காம கொட்டிட்டான்."

சொல்லும்போது அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வேறு யாருடைய தம்பியைப் பற்றியோ பேசுவதுபோல் இருந்தது அவளுக்கே.

"நான் ஞாயித்துக்கிழமை குடுத்த தண்ணி பாட்டில் எங்க சார்?"

"ஃபிரிட்ஜ் கதவுல இருந்துச்சு." தாணுலிங்கம் நிறுத்தினார். "சீல் உடைக்கவே இல்லை..."

"அப்போ இந்தக் குப்பியில ஊத்துனது வேற தண்ணி சார்," என்றாள் அனிஷா.

---

மறுநாள் காலை பதினொரு மணி.

அதே அறை. மேசைமேல் மாரிச்செல்வத்தின் ஜிம்மிலிருந்து எடுத்துவந்த பெட்டி. மரியானுக்கு விற்ற அதே பெட்டிதான்! உள்ளே பிரிக்காத குப்பிகள் மூன்று.

மாரிச்செல்வம் மூலையில் நின்றான். பனைமரம் போன்ற உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"சார், சத்தியமா சார்! நானும் இதைத்தான் போடுதேன்! எனக்கு ஒண்ணும் ஆகலையே சார்!"

"வாயை மூடுலே!"

அனிஷாவுக்குத் துணையாக டெரன்ஸும் உள்ளே வந்திருந்தான். மாரிச்செல்வத்தை எரிப்பதுபோல் பார்த்தான்.

"லேப் ரிப்போர்ட் வர பத்து நாள் ஆகும்," என்றார் தாணுலிங்கம். "அதுக்குள்ள எனக்கு ஒரு விஷயம் தெரியணும். ஆரம்பிங்கம்மா."

அனிஷா புதுக் குப்பி ஒன்றின் மூடியைத் துடைத்தாள். ஸ்பிரிட் வாடை அறையில் பரவியது. மரியானுக்குக் கொடுத்த அதே வகைத் தண்ணீரை சிரிஞ்சில் எடுத்தாள். கண்ணாடிச் சுவர் வழியாக மெல்ல இறங்கவிட்டாள். குலுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டினாள்.

பவுடர் கரைந்தது.

குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

பளிங்கு!

"பவுடர்ல குத்தம் இருக்கிற மாதிரித் தெரியலை சார்," என்றாள்.

மாரிச்செல்வம் 'ஓ'வென்று அழுதுவிட்டான்.

"நான்தான் சொன்னேனே சார்!"

டெரன்ஸ் துள்ளி எழுந்தான்.

"ஏமாத்துதான் சார்! பெட்டியை மாத்திட்டான்! இது அந்த மருந்தே இல்லை! அது வெள்ளையால்லா இருக்கும்... பால் மாதிரி!"



தாணுலிங்கம் மெதுவாகத் திரும்பினார்.

"எது டெரன்ஸ்?"

"அதான்... மரியான் போட்ட மருந்து..."

"அது அன்னைக்கே கவருக்குள்ள போயிருச்சு. நீங்க எங்கன பாத்திய?"

டெரன்ஸ் அனிஷா பக்கம் திரும்பினான்.

"நான் பாக்கலை சார். அனிஷா... அனிஷா சொன்னா. வீட்டுல வச்சு. ஏளா, நீதான சொன்ன? நேத்து சாப்பிடும்போது சொன்னியே... சொல்லு ளா!"

எல்லாக் கண்களும் அவள்மேல்!

அனிஷா குப்பியைப் பார்த்தாள். 'ஆமா' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்விடலாம். பைக்கில், இவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து.

நெஞ்சுக்குள் எதுவும் அசையவில்லை. மரத்துப்போன கையைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"நான் சொல்லலை சார்."

டெரன்ஸ் கதவை நோக்கிப் பாய்ந்தான். வெளியே நின்ற கான்ஸ்டபிள் அவனை அப்படியே மார்போடு வாங்கிக்கொண்டார்!

"ஊசி செத்த பிறகு குத்தினதுன்னு டாக்டர் நேத்து சாயங்காலமே சொல்லிட்டாரு," என்றார் தாணுலிங்கம். "மூச்சை அடைச்சுக் கொன்னிருக்காங்க. யாருன்னுதான் தெரியலை. உக்காருலே! ஏன் செஞ்ச?"

டெரன்ஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கடல் அட்டை சார்... ஃபாரஸ்ட்காரங்க தடை பண்ணுன சரக்கு. ஐஸ் ரூம்ல ஏழு மூட்டை வச்சிருந்தேன். இலங்கைக்குப் போகவேண்டியது. பாத்துட்டான். ஃபாரஸ்ட்காரங்ககிட்டச் சொல்லிருவேன்னு நின்னான். காலைப் பிடிச்சேன் சார். 'கடலை அழிச்சு அக்காவுக்குச் சோறு போடாதீங்க மச்சான்'னான். சமாதானம் பேசலாம்னு போய்ப் பிராந்தியில தூக்க மாத்திரையைக் கலந்து குடுத்தேன். அப்புறம்... தலையணை..."

"ஊசி?"

"ஜிம் மருந்தால செத்தான்னு நினைக்கட்டும்னு, அலமாரியில இருந்த குப்பியில குழாய்த் தண்ணியை ஊத்திக் குலுக்கினேன். வெள்ளையா வந்துச்சு. ஊசி மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்..."

அவன் அனிஷாவை நிமிர்ந்து பார்த்தான்.

"தெளிவா இருக்கணும்னு எனக்கு எப்படி ளா தெரியும்?"

அனிஷா சிரிஞ்சின் ஊசியைக் கழற்றி ஒரு காலி டப்பாவில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள். இப்போதும் கண்ணீர் வரவில்லை. எப்போதாவது வரும். ஃபேனை அணைக்கும்போது, சோற்றைப் போடும்போது, திடீரென்று வரும்.

"போன மாசம் அவன் அந்தக் குப்பியைக் கொட்டின அன்னைக்கு, ராத்திரிச் சாப்பாட்டுல வச்சு முழுக்கதையும் உங்ககிட்டதான் சொன்னேன். எந்தத் தண்ணி, ஏன் கலங்குது, ஏன் கொட்டணும்... எல்லாம். நீங்க போனை நோண்டிக்கிட்டே 'ம்... ம்...'ன்னிய. அன்னைக்கு ஒரு நாள் காது குடுத்துக் கேட்டிருந்தா, இன்னைக்குத் தப்பிச்சிருப்பிய!"

எழுந்து வெளியே நடந்தாள்.

தாணுலிங்கம் சட்டென்று சட்டைப்பையைத் தடவினார்.

"ஏலே கான்ஸ்டபிள்! என் போனைப் பாத்தியா? காலையில வீட்டம்மா என்னமோ முக்கியமாச் சொன்னா... நான் 'ம்'னுட்டு வந்துட்டேன்!"