ஒற்றைச் சுவர்

"அப்படின்னா நானும் கொலைக்குத் துணை போனவளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"முதல்ல உட்காருங்க அக்கா."

உட்காரச் சொன்னவர் துப்பறிவாளர். எல்லோரும் அவரை நிதானம் என்றுதான் அழைத்தார்கள். கேள்வி கேட்டவள் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவள். முழங்கை வரை வெள்ளைப் புள்ளிகள். நிதானத்தின் மைத்துனர் நிற்க முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பட்டாசு என்று ஏன் பெயர் வந்தது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சென்ற வாரம் ஒருவர் தன் வீட்டு மாடிப்படியில் விழுந்து இறந்திருந்தார். அன்று அவர் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். உடனிருந்தது இறந்தவரின் தம்பி மட்டும்தான். மாடியறையில் ஒரு சுவர் மங்கிவிட்டது, அதற்கு மட்டும் வண்ணம் அடிக்க வேண்டும் என்று அந்தத் தம்பி மறுநாளே இவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

"எனக்கு முன்னாடியே யாரோ ஒரு கை அடிச்சிருந்தாங்க. சுவிட்ச் போர்டு மூடியைக் கழற்றாம சுத்தி வளைச்சு அடிச்சிருந்துச்சு. நான் கழற்றினேன். உள்ளே பழுப்பா ஒரு கோடு. துருன்னு நினைச்சேன். வேலை முடிஞ்சதும் மூடியை மாட்டிட்டு வந்துட்டேன். நேத்து மறுபடியும் கூப்பிட்டார். சுவர் முழுக்கப் பழுப்பு ஏறியிருக்கு. 'இது ரத்தமாச்சே'ன்னேன். 'மறைச்சது உன் கை. நான் மாட்டினா நீயும் உள்ளேதான், பேசாம இன்னொரு தடவை அடி'ன்னார்."

"பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் பட்டாசு.

"எனக்குத் தெரியுமே! அந்த ஆளு மிரட்டினா பொத்திக்கிட்டு இருக்கணுமா? ஜெயிலுக்கே போனாலும் சொல்லிட்டுத்தான் போவேன்."

நிதானம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முதல்ல பிரைமர் அடிப்பூச்சு அடிச்சீங்களா?"

"மங்கின சுவருக்கு எதுக்குங்க பிரைமர்?"

"நல்லது. பட்டாசு, போலீசுக்குப் போன் போடு. அந்த வீட்டுக்கு வரச் சொல்லு."

மாடியறை வாசலில் இறந்தவரின் மனைவி நின்றிருந்தார். வண்ணக்காரியைக் கண்டதும் தம்பி கொதித்தார்.

"எல்லாம் தெரிஞ்சேதான் அடிச்சா இவ!"

நிதானம் சுவிட்ச் போர்டு மூடியைக் கழற்றினார். பழுப்புக் கோடு அப்படியே இருந்தது.

"தெரிஞ்சு மறைக்கிறவங்க இதைத் துடைக்காமலா விடுவாங்க? கறை மேலே ஏறாம இருக்கணும்னா பிரைமர் அடிக்கணும். தொழில் தெரிஞ்ச இவங்க அதை அடிக்கலை. ஏன்னா, அடியில கறை இருக்குன்னே இவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சது முதல்ல அடிச்ச கைக்குத்தான். அந்தக் கைக்கு மூடியைக் கழற்றணும்னு தோணலை. படியில விழுந்தவரோட ரத்தம் இந்த அறையில, தோள் உயரத்துக்கு எப்படித் தம்பி வந்தது? அன்னிக்கு வீட்ல உங்களைத் தவிர யாரு இருந்தா?"

 

"இப்ப சொல்லுங்க சார்," வண்ணக்காரி ஒரு எட்டு முன்னால் வந்தாள். "உள்ளே போறது யாரு?"

கீழே போலீஸ் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பட்டாசு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார். தம்பி வாசல் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, போன மாசம் அண்ணன் இந்தச் சுவர்ல மோதி மண்டை உடைஞ்சதுன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. ஒரே ஒரு வார்த்தை, அண்ணி..."