காணாமல் போன நுணாச் சாறு

சனிக்கிழமை காலை எட்டு மணி. தீவு நாட்டின் தலைநகரான நுகுஅலோஃபாவில், ஆய்வுக்கூடத்தின் குளிர்பெட்டியைத் திறந்த டாக்டர் கலோலைனே கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். நுணா இலைச் சாற்றுக் குப்பியைக் காணோம். காசநோய் மாத்திரையால் கெடும் ஈரலை அந்தச் சாறு காக்குமா என்று திங்களன்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க இருந்தாள். இலை வந்தது நியுவாத் தீவிலிருந்து. அடுத்த கப்பல் எப்போது வரும் என்பது கப்பலுக்கே தெரியாது.

தகவல் கேட்டு வந்த சார்ஜண்ட் செய்னி அவளுடைய பள்ளித்தோழி. சாறு எதற்கு என்று கேட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். பூட்டு உடையவில்லை. விலையுயர்ந்த தராசு இருந்த இடத்தில் இருந்தது. தொட்டியருகே ஒரு கரண்டி, கழுவிக் கவிழ்த்தபடி.

கலோலைனேயைத் தவிர சாவி இருவரிடம்தான்: உதவியாளன் மாகா, காவலாளி ஃபெலெட்டி.

"நீ எடுத்தியா?" என்று மாகாவைக் கேட்டாள் செய்னி.

"எடுத்து என்ன பண்றது மேடம்? நாய்கூட மோந்து பாக்காது. அவ்ளோ கசப்பு."

"வித்திருக்கலாம்ல?"

"நாம காசு கொடுத்தாலும் எவன் குடிப்பான்?"

ஃபெலெட்டி கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே வந்தான்.

"நாளைக்கு தேவாலயத்துல இவருதான் தனிப்பாட்டு. இப்பவே நட்சத்திரம் ஆயிட்டாரு," என்று மாகா சீண்டினான். ஃபெலெட்டி சிரிக்கவில்லை.

செய்னி தன் பையிலிருந்த பன்றி வறுவல் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "விரதம் மேடம். தொண்டைக்காக."

பன்றி வறுவலை வேண்டாம் என்ற ஆம்பளையை செய்னி அன்றுதான் பார்த்தாள்.

"கண்ணாடியக் கழட்டு தம்பி."

கண் இரண்டும் மஞ்சள்.

"விக்கிறவன் குப்பிய மட்டும் தூக்கிட்டுப் போயிருப்பான், கரண்டியத் தொட்டிருக்க மாட்டான்," என்றாள் செய்னி. "இது அளந்து குடிச்சவன் வேலை. மருந்துன்னு நம்பிக் குடிச்சிருக்கான். ஈரல் கெட்டவனுக்குக் கறி வாசனையே குமட்டும், கண்ணும் மஞ்சளாகும். காசநோய் மாத்திரை சாப்பிடுறியா?"

ஃபெலெட்டி பொத்தென்று உட்கார்ந்தான். "நாலு மாசமா. வெளிய தெரிஞ்சா பாட விடமாட்டாங்க. மாத்திரையால கெட்ட ஈரலை இது தேத்தும்னு டாக்டரம்மாதான் சொன்னாங்க."

"தேத்துமான்னு பாக்கப்போறேன்னு சொன்னேன்டா." கலோலைனே தலையில் கைவைத்தாள். "எலிக்கே இன்னும் கொடுக்கலை."

போலீஸ் வண்டி காவல் நிலையத்துக்குப் போகவில்லை, மருத்துவமனைக்குப் போனது. மாத்திரையை நிறுத்தினார்கள். கண் வெளுத்த பிறகு வேறு மாத்திரை தொடங்கினார்கள். நியுவாவிலிருந்த ஃபெலெட்டியின் மாமன்மார் விஷயம் கேள்விப்பட்டு, அடுத்த கப்பலில் ஆய்வுக்கூடத்துக்கு மூட்டை மூட்டையாக இலை அனுப்பிவைத்தார்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியவனைப் பாட்டுக்குழுத் தலைவர்தான் சும்மா விடவில்லை. "இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்னடா? நின்னு பாட முடியலைன்னா உக்காந்து பாடு" என்று திட்டி, முன்வரிசையில் அவனுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

முதல் சரணத்தை ஃபெலெட்டி உட்கார்ந்துதான் பாடினான். இரண்டாவது சரணத்தில் எழுந்துவிட்டான்.