பலகை கெஞ்சிய காலை

"விளாத்திகுளத்து நீரேற்று நிலையப் பலகை ஒண்ணு, என் கதையைக் கேக்க மாட்டாம, 'போதும்யா, நிறுத்து'ன்னு எங்கிட்டக் கெஞ்சிச்சு தாயி!"

ரொசாரியோ இப்படிச் சொன்னதும் பனிக்கட்டி ஆலையின் பொறியாளர் மெஹராஜ் பானு தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பலகை கெஞ்சுமா மாமா? 'சரி'ங்கிற ஒத்தைச் சொல்லுக்கு மேல எந்தப் பலகையும் பேசுனதில்ல. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

அவள் சொன்னதும் சரிதான். ரொசாரியோ அந்தப் பொய்யை வரும் வழியில்தான் கட்டியிருந்தார்.

இயந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு வெட்கம் வந்து முப்பது வருஷமாகிறது. அதற்கு முன் அவை ஒரே தவறை ஓராயிரம் முறை செய்யும். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு நாணச்சில்லைப் பதித்தார்கள். தவறு செய்த பலகை கூனிக் குறுகும். ஜென்மத்துக்கும் அதைத் திரும்பச் செய்யாது. மின்தூக்கிகள் நடுவழியில் நிற்பதை விட்டன. ரயில்கள் நேரத்துக்கு முன்பே வந்து, தலை குனிந்து, பயணிகளுக்காகக் காத்து நின்றன.

ஒரே ஒரு கோளாறு. தவறு பெரிதாகிவிட்டால் பலகை ஒளிந்துகொள்ளும். விளக்கு எரியும், காது கேட்கும். கணினியோடு இணைய மட்டும் மறுத்துவிடும். அப்போது ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து, தான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். குரலில் மெய்யான நடுக்கம் இருந்தால், 'நாம் மட்டும் இல்லை' என்று பலகை தேறி, திரையில் 'சரி' என்று எழுதிவிடும். அப்படிச் சொல்வதுதான் ரொசாரியோவின் தொழில். அடையாள அட்டையிலேயே 'வெட்கம் தீர்ப்பவர்' என்று இருக்கும்.

அன்று விடியலில் மின்னழுத்தம் ஒரு கண்ணிமைப்பு சரிந்தது. ஆலையின் பலகை தடுமாறிப் பதினாறு குளிர்பொறிகளையும் நிறுத்திவிட்டது. நாலு டன் பனிக்கட்டி கஞ்சியாகிப் போயிற்று. பன்னிரண்டு மணிக்கு நாற்பது விசைப்படகுகள் கரை சேரும். பனிக்கட்டி இல்லையென்றால் மீன் அத்தனையும் நாறிவிடும்.

ரொசாரியோ பையிலிருந்து ஒரு கறுப்பு ஒயரை உருவிப் பலகையையும் மடிக்கணினியையும் இணைத்தார். மறுதொடக்கப் பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றுமில்லை.

"கரண்ட் வருது, இணைப்பு வரல. வெட்கந்தான்!"

மெஹராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டாள்.

ரொசாரியோ தன் தங்கச்சி கல்யாணத்தில் ஈரல் வறுவலைத் தின்றுவிட்டுப் பூனைமேல் பழி போட்ட கதையைச் சொன்னார். பலகை அசையவில்லை. மதிப்பெண் பட்டியலைத் திருத்திய கதையைச் சொன்னார். மறுபடி ஈரலுக்கே வந்தார். ஒன்றும் பலிக்கவில்லை. எல்லாம் நாலாயிரம் பலகைகளிடம் சொல்லித் தேய்ந்த கதைகள். அவருக்கே கொட்டாவி வந்தது.

மணி பதினொன்று. தேயாதது ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் செத்துப்போகத்தான் நினைத்திருந்தார். அதிலும் இந்தப் பெண் முன்னால்!

"நீ கொஞ்சம் வெளிய போறியா தாயி?"

"இது என் ஆலை மாமா. இருக்கேன்."

ரொசாரியோ பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மேஜையில ஒரு பலகை எரிஞ்சுச்சு. நேர்க்கம்பியையும் எதிர்க்கம்பியையும் மாத்தி மாட்டினது நான். அன்னிக்கு வேலைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டிருந்தது சேகு மதார். அவரைத்தான் வெளிய அனுப்பினாங்க. நான் வாயைத் தொறக்கல."

சேகு மதார் மெஹராஜின் வாப்பா.

பலகை அப்போதும் பேசவில்லை. மெஹராஜ் அந்தக் கறுப்பு ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் மேஜையிலிருந்த வேறொன்றை மாட்டினாள். திரையில் கடகடவென்று எழுத்துகள் கொட்டின.

'9.12: சரி. முதல் கதையிலேயே தேறிவிட்டேன்.'

'9.13: சரி என்றேனே. கேட்கவில்லையா?'

'9.50: ஐயா, மறுபடியும் ஈரலா?'

'10.25: போதும் ஐயா, நிறுத்துங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.'

'11.06: அந்தச் சேகு மதாரிடம் சொல்லிவிட்டீர்களா?'

"ஒயர்தான் கோளாறு. அது ஷேவிங் மிஷினுக்குச் சார்ஜ் ஏத்துறது," என்றாள் மெஹராஜ். "உள்ள ரெண்டே கம்பி. கரண்ட் போகும், பேச்சு போகாது."

ஓடச் சொல்லிக் கணினியில் தட்டினாள். பொறிகள் ஓடவில்லை. திரையில் புதிதாக ஒரு வரி வந்தது.

'11.09: நான் தயார். ஆனால் இந்த அம்மாவின் குரலும் நடுங்குகிறதே. ஏன்?'

மெஹராஜ் தான் எறிந்த கறுப்பு ஒயரைக் குனிந்து எடுத்தாள்.

"மாட்டும்போதே பார்த்துட்டேன் மாமா. ரெண்டு கம்பி ஒயர்னு தெரியும். உங்க பவுசு உடையட்டும்னு வாயை மூடிக்கிட்டு நின்னேன். படகு வர்ற நாள்னு தெரிஞ்சே நின்னேன்."

பதினாறு பொறிகளும் ஒன்றாக உறுமின. அந்த உறுமல் இலங்கைக் கரைவரைக்கும் கேட்டிருக்கும். படகுகள் வந்தபோது பனிக்கட்டி இருந்தது.

சாயங்காலம் இருவரும் சேகு மதாரின் வீட்டுக்குப் போனார்கள். முன்னறையில் பல்பு அணைந்து கிடந்தது. அதை மாற்ற ஆள் வரவேண்டுமாம். பதினெட்டு வருஷமாக அவர் ஒரு கம்பியையும் தொட்டதில்லை.

ரொசாரியோ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சேகு மதார் சிரித்தார்.

"ஏன்யா, கப்பலையே அழவெச்சேன்னு சொன்ன ஆளு நீ. என் மனசு ஆறட்டும்னு இதையும் சொல்ற. மாத்தி மாட்டினது நான்தான். இந்தக் கைதான்."

"சத்தியமா நான்தான் மதாரு! கேட்டுட்டுப் பலகையே எங்கிட்டக் கெஞ்சிச்சு!"

"கெஞ்சிச்சா! பார்த்தியா, புளுகுற!"

சேகு மதார் மகளைப் பார்த்தார். அவள் இருட்டில் நின்றிருந்தாள்.

"உண்மைதான் வாப்பா," என்றாள் மெஹராஜ். "கெஞ்சிச்சு. நான் பார்த்தேன்."