விளக்கை அணைக்கச் சொன்ன குரல்

மூன்று நாளாக மழை விடவில்லை. பகலிலேயே ரேடியோ பழுது பார்க்கும் கடையில் விளக்கு எரிந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் முக்காலியில் உட்கார்ந்து, பழுது பார்த்த தன் பழைய ஆம்ப்ளிஃபயரைக் காது கொடுத்துக் கேட்டார்.

அதில் அவர் மனைவி பேசினார். அந்த அம்மாள் இறந்து எட்டு வருடம் ஆகிறது. டேப் ரிக்கார்டர் வாங்கிய நாளில் தற்செயலாகப் பதிவான குரல் அது. பாட்டு கீட்டு ஒன்றுமில்லை, வெறும் திட்டுதான்.

“லைட்டை அணைச்சிட்டு வாங்க. கரண்டு என்ன சும்மாவா வருது?”

தபால்காரர் அசையவில்லை.

“இது அவ குரல் இல்லம்மா. யாரோ செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றார்.

மேசைக்கு அடியிலிருந்து சிறுமி சுண்டெலி எட்டிப் பார்த்தாள். பழுது பார்த்த அவள் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆம்ப்ளிஃபயருக்குள் ஒலியைப் பெருக்கும் பழைய கண்ணாடி வால்வைக் கழற்றிப் புதியது போட்டு, மீட்டரில் பிழையே காட்டாதபடி செய்திருந்தாள்.

“பழைய வால்வு தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்து விடும்யா. அதான் குரல் கனமா, கரகரன்னு கேட்டிருக்கு. உண்மையில அது தப்பு.”

“எனக்கு அந்தத் தப்பே போதும்மா.”

“அது சாகக் கிடக்குதுய்யா. இன்னும் ஒரு தடவை ஓடினா பெரிசு.”

தபால்காரர் எழுந்து வெளியே போனார். கையில் குடை இருந்தும் விரிக்கவில்லை. அவர் வீட்டில் வேறு குரலே கிடையாது. சுண்டெலி மேசையடியிலிருந்து எழுந்து வந்தாள். மேசைக்கு அடியில் விழும் திருகுகளைத் தேடி எடுப்பதால் வந்த பெயர் அது. வயது பத்து.

“அம்மா, ஒரு தடவை ஓடினா போதுமே” என்றாள். “ஸ்பீக்கர் முன்னாடி மைக்கை வச்சு வேற டேப்ல பிடிச்சுக்கலாம். அப்புறம் புது வால்வைப் போட்டுடு. அதுதான் கொடுத்ததை அப்படியே சொல்லுமே.”

அம்மா அவளையே பார்த்தாள். “எனக்கு இது தோணலையே.”

சுண்டெலி மழையில் ஓடிப்போய்த் தபால்காரரைக் கையோடு கூட்டிவந்தாள். மழைச் சத்தம் டேப்பில் விழாமல் இருக்க ஷட்டரை இறக்கினார்கள். அம்மா மறுபடி பொருத்திய பழைய வால்வு மெல்லச் சிவந்தது. நனைந்துவிட்டு வந்ததால் சுண்டெலிக்குத் தும்மல் முட்டியது. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

குரல் வந்தது. உடனே ‘டப்’ என்று வால்வு அணைந்தது.

“போச்சு” என்றாள் அம்மா. “முழுசா விழுந்துச்சான்னு தெரியல.”

அவள் புது வால்வைப் பொருத்தினாள். புது டேப்பைப் போட்டாள்.

“லைட்டை அணைச்சிட்டு வாங்க. கரண்டு என்ன சும்மாவா வருது?”

கனமான, கரகரத்த குரல்.

தபால்காரர் சட்டென்று எழுந்தார். நேராகச் சுவரை நோக்கி நடந்து, கடை விளக்கை அணைத்தார். அப்புறம்தான் அவருக்குத் தான் இருக்கும் இடம் நினைவுக்கு வந்தது. கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது.

யாரும் விளக்கைப் போடச் சொல்லவில்லை.

“இன்னொரு தடவை போடும்மா” என்றார் அவர், இருட்டிலிருந்து.