வெளுக்காத வடிகட்டி

பிணத்தின் வாயில் பச்சை நுரை.

மருந்து கலக்கும் தொட்டியின் விளிம்பில் தலை தொங்கக் கிடந்தான் ஆபரேட்டர். சாக்கடை நீரைச் சுத்தம் செய்து குடிநீர்க் குழாய்க்கு அனுப்பும் நிலையம் அது. மல நாற்றமும் குளோரின் நெடியும் கலந்து தொண்டையைப் பிறாண்டின.

கான்ஸ்டபிள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். உவ்வே...

"வேலைக்கு வந்தியா, வாந்தி எடுக்க வந்தியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டுக்கும்தான் ஐயா."

மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"அவனோட கவனக்குறைவு, சார். வடிகட்டி அடைச்சா முதல்ல இந்தத் தொட்டித் தண்ணியில ப்ளீச்சைக் கலக்கி அதுல ஓட விடணும். அப்புறம் தண்ணியில அலசணும். கடைசியிலதான் ஆசிட். இவன் அலசாமலே ஆசிட்டை ஊத்திட்டான். ரெண்டும் சேர்ந்தா விஷவாயு."

"பொய்."

வாசலில் ஆபரேட்டரின் மனைவி. அங்கேயே அடுத்த ஷிஃப்ட் அவளுக்கு.

"செத்தவர் தலையில பழியைப் போடாதீங்க. அப்பன் முட்டாள்தனத்தால செத்தான்னு கேட்டுக்கிட்டா எம்புள்ளைங்க வளரணும்? அலசினதைப் பார்த்த பிறகுதானே நீங்க ஆசிட் ரூமையே திறப்பீங்க? சாவி உங்க இடுப்புலதானே இருக்கு?"

"துக்கத்துல உளறுது, சார்."

வடிகட்டி மூழ்கியிருந்த பக்கத்துத் தொட்டியை இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

"ப்ளீச் ஓடி முடிஞ்சா வடிகட்டி எப்படி இருக்கும்?"

"பால் மாதிரி வெளுத்துடும், சார்." மேனேஜர் குரலில் பெருமை.

இன்ஸ்பெக்டர் கையுறையை மாட்டினார். நூல் நூலாகத் தொங்கிய வடிகட்டிக் கொத்தை வெளியே இழுத்தார்.

கறுப்புச் சளி... முடிக்கற்றை... கொழகொழவென்று அவர் பூட்ஸில் வழிந்தது.

கான்ஸ்டபிள் மறுபடி ஜன்னலுக்கு ஓடினார். இன்ஸ்பெக்டர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"இதுல ப்ளீச்சே ஓடலையேய்யா. அப்புறம் எதுக்கு அவன் ஆசிட்டுக்குப் போறான்? கலக்குற தொட்டியில நீ முன்னாடியே ஆசிட்டை ஊத்தி வெச்சுட்டே. வெறும் தண்ணின்னு நம்பி அவன் ப்ளீச்சைக் கொட்டினான்."

கைக்குட்டை கீழே விழுந்தது.

மனைவி பாய்ந்து மேனேஜரின் சட்டையைப் பிடித்தாள். "எதுக்குடா கொன்னே?"

"வடிகட்டி அடைச்சுக்கிச்சு... தண்ணி எங்கேன்னு ஃபோன் மேல ஃபோன். வடிகட்டாமலே குழாயைத் திருப்பி விட்டேன். பார்த்துட்டான். ஊருக்கே சொல்லுவேன்னான்..."

"அந்தத் தண்ணி எங்க போச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போலீஸ் குவார்ட்டர்ஸுக்கு."

கான்ஸ்டபிள் ஜன்னலிலிருந்து மெல்லத் திரும்பினார்.

"ஐயா... இன்னிக்குக் காபி நல்லா கெட்டியா இருக்குன்னு பொண்டாட்டியைப் பாராட்டிட்டு வந்தேனே."